சுவர் பார்க்கும் நேரம்

காலை ஐந்தே முக்காலுக்கு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதுகு நிமிர்ந்திருக்கிறது, கைகள் முழங்கால்மேல் இருக்கின்றன. வெற்றுச் சுவரை இருபது நிமிடம் பார்த்தால் புதுப் புது யோசனைகள் ஊறும் என்று ஏதோ பயிற்சி வகுப்பில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குடித்தனம் நடக்கிற வீட்டில் வெற்றுச் சுவருக்கு எங்கே போவது? கூடத்தில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். அன்றிலிருந்து யோசனை ஊறுகிறதோ இல்லையோ, அந்த வீட்டில் யாருக்கும் தேதி தெரிவதில்லை.

"நீங்க பாத்துட்டே இருங்க. இன்னைக்கு என்ன தேதின்னு பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வந்துடறேன்" என்று மனைவி செருப்பை மாட்டுவாள். சுவர் பார்க்கும்போது அவர் பேசக் கூடாது என்பது விதி.

தொழில், மூடி வரைவது. பிளாஸ்டிக் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். எண்ணெய், ஷாம்பு, இருமல் மருந்து என்று ஊரில் பாதிப் பேர் காலையில் எழுந்து திருகுவது இவர் வரைந்த மூடியைத்தான். அது யாருக்கும் தெரியவில்லையே என்ற ஆற்றாமை அவருக்கு நிறையவே உண்டு. "மூடி இல்லேன்னா அது பாட்டில் இல்ல சார், டம்ளர்" என்பார். "ஒரு பொறி மட்டும் தட்டட்டும், அப்புறம் பாருங்க" என்றும் சொல்வார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பொறி.

அந்தப் பொறி தட்டுவதற்காகப் பதினொரு பழக்கங்கள் வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட அட்டவணை உண்டு, முடித்ததற்கெல்லாம் பச்சை மையில் டிக் உண்டு. எழுந்ததும் மனதில் தோன்றுவதை மூன்று பக்கம் எழுத வேண்டும். மனதில் தூக்கம்தான் தோன்றும். ஆகவே "தூக்கம் வருது" என்று ஒன்றரைப் பக்கமும், "இன்னும் வருது" என்று மீதியும் கர்மசிரத்தையாக எழுதி முடிப்பார். அப்புறம் பேருந்து நிறுத்தத்துக்குத் தினமும் வேறு தெரு வழியாகப் போக வேண்டும். யோசனைதான் வழியில் எதிர்ப்படவில்லை. எட்டுத் தெரு நாய்கள் அவரை நன்றாக அடையாளம் கண்டுகொண்டிருக்கின்றன.

எதைப் பற்றியும் ஐந்து முறை 'ஏன்' கேட்பது ஏழாவது பழக்கம்.

"குக்கர்ல விசில் வரலைங்க."

"ஏன்?"

"ரப்பர் போயிடுச்சு."

"ஏன்?"

"பழசாயிடுச்சு."

"ஏன்?"

"புதுசு வாங்கிட்டு வாங்கன்னு நாலு தடவை சொல்லியும் நீங்க வாங்கலை."

நான்காவது 'ஏன்'னை அவர் அன்று கேட்கவில்லை. ஆனாலும் டிக் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு முன் மேலாளர் அவரைக் கூப்பிட்டு ஒரு மருந்து பாட்டிலை மேசைமேல் வைத்தார். அமுக்கித் திருப்பினால்தான் திறக்கும் மூடி. குழந்தைகள் திறந்துவிடக் கூடாதென்று சாட்சாத் இவரே வரைந்தது. குழந்தைகளால் திறக்க முடியவில்லைதான். வயதானவர்களாலும் முடியவில்லை. புகார்க் கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய வந்திருந்தன.

"குழந்தை திறக்கக் கூடாது, பெரியவங்க திறக்கணும். அவ்வளவுதான் வேலை. இந்த வெள்ளிக்கிழமை வரைபடம் என் மேசைக்கு வரணும். வரலேன்னா உங்களைப் பெட்டி ஒட்டுற பிரிவுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

பெட்டி ஒட்டும் பிரிவில் போய் அவர் என்ன செய்வார்? பென்சிலைத் தவிர வேறொன்றும் பிடிக்கத் தெரியாத கை அது. பயந்துபோய் உடனடியாக ஒரு காரியம் செய்தார்: அட்டவணையில் இன்னும் இரண்டு பழக்கங்களைச் சேர்த்தார். அதில் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் தனிமை. ஆகவே கெடுவுக்கு முந்தின நாளான வியாழக்கிழமை, லீவு போட்டுவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

தனியாக என்றால், மனைவி வேலைக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். மாமியார் சமையலறையில் இருந்தார். எட்டு மாதமாக அந்த வீட்டில்தான் இருக்கிறார். மாப்பிள்ளை இருக்கும் பக்கமே வராமல், இருமினால்கூட முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமுகிறவர். அவரை ஆள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றியதில்லை.

சமையலறையில் 'டக்' என்று சத்தம் கேட்டது. மறுபடி 'டக்'. மூன்றாவது தடவை எழுந்து போனார்.

"அத்தை, கொஞ்சம் சத்தமில்லாம..."

மாமியார் கதவோரம் நின்றிருந்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, கீல் பக்கத்து இடுக்கில், மருந்து பாட்டிலின் மூடி சிக்கியிருந்தது. இடுப்பால் கதவை நெருக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் பாட்டிலை அமுக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை, மூட்டுக்கு மூட்டு வீங்கி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. படக்கென்று மூடி திறந்தது. மாத்திரைகள் தரையெல்லாம் சிதறின.

"ஒண்ணுமில்ல மாப்ளே, நான் பொறுக்கிக்கிறேன். நீங்க போய்ச் சுவரைப் பாருங்க."

அவர் குனிந்து, இடுக்கிலிருந்து விழுந்த மூடியை எடுத்தார். அதன் விளிம்பில் இருந்த ஒவ்வொரு வரியும் அவர் போட்டது.

"எத்தனை நாளா இப்படித் திறக்கறீங்க?"

"வந்ததுலேர்ந்துதான். காலைல மக திறந்து குடுத்துடுவா. மத்தியானத்துக்குத்தான் இந்தக் கதவு."

"எங்கிட்ட குடுத்திருக்கலாமே அத்தை? லீவு நாள்ல எல்லாம் நான் வீட்டுலதானே இருந்தேன்?"

"நீங்க யோசிச்சிட்டிருந்தீங்க" என்றார் மாமியார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அது பெரிய வேலை என்று நினைத்துத்தான், மரியாதையாகச் சொன்னார்.

வெட்கம் அவருக்குக் காது வரைக்கும் ஏறியது. மண்டியிட்டு மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தார்.

"அத்தை, கையை இதுமேல வையுங்க."

"எதுக்கு மாப்ளே? கையெல்லாம் ஈரம்."

"பரவாயில்ல, வையுங்க."

மாமியார் தயங்கித் தயங்கிக் கையை வைத்தார். அது தாளில் முழுதாகப் படியவில்லை. அவர் குனிந்து, கட்டைவிரலின் அடியில் பென்சில் முனையை வைத்து, வலிக்காமல், ஒவ்வொரு வீக்கத்தையும் மெதுவாகச் சுற்றிக் கோடு போடத் தொடங்கினார்.

"கூசுது மாப்ளே" என்றார் மாமியார். கையை எடுக்கவில்லை.