படத்தின் கீழே ஒரு விளக்கு

சார்பதிவாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், தொண்ணூறுகளின் கடைசியில், இணையத்தில் ஓர் இடம் வாங்கினேன். வாங்கினேன் என்பது தவறு. ஓர் அமெரிக்க நிறுவனம் சும்மா கொடுத்தது. தெருப் பெயரும் கதவு எண்ணும்கூட உண்டு. மூலப் பத்திரம் கேட்கவில்லை, வில்லங்கம் பார்க்கவில்லை, சாட்சிக் கையெழுத்தும் வேண்டாமாம். அந்த நிபந்தனைகளை முழுக்கப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் இடத்தைப் பிடுங்கிக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். அரசாங்கம்கூட இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை.

மகன் அமெரிக்காவில் இருந்தான். அவன் அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டு வந்தது. மதுரை டாக்டர் ஒவ்வொரு முறையும் மாத்திரையை மாற்றினார், முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வாராவாரம் அவளை அவன் பார்க்கட்டும் என்றுதான் அந்த இணையப் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறுவேன். பஞ்சு மார்க்கெட் அருகே எஸ்.டி.டி. பூத்தை பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்த ஒரு பெண்மணி புகைப்படத்தை ஸ்கேன் செய்து ஏற்றித் தருவார். ஒரு படம் ஏறி முடிப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

மகன் நேரில் வருவதில் ஒரு சிக்கல். அங்கேயே தங்குவதற்கான அவனுடைய விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. இடையில் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக அர்த்தம். முன் அனுமதித் தாள் ஒன்று வாங்கி வைத்திருந்தான். ஒரு தடவை போய்வர மட்டும் அது செல்லும். அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தத் தாளை எப்போது பயன்படுத்துவது என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கு.

"இப்பவே வரச் சொல்லுங்க. நான் போன பொறவு வந்து அவன் யாரைப் பார்க்கப் போறான்?" என்பாள் மனைவி.

"இப்பச் செலவழிச்சிட்டா, அவசரம்னு வந்தா என்ன செய்ய?"

"அவசரம்னா எது? வாயைத் தொறந்து சொல்லுங்களேன் பாப்போம்."

சொல்ல மாட்டேன். ஒற்றை மகன். சிதைக்கு நெருப்பு அவன் கையால் என்பது எனக்கு நடைமுறை. இருப்பது ஒன்றே ஒன்று என்றால் கடைசிக்கு வைத்திருப்பதுதான் நிர்வாகம் என்று முப்பது வருடமாகக் கற்றிருந்தேன்.

கார்த்திகை வந்தது. அந்த வாரம் ஏற்றிய படத்துக்குக் கீழே, திரி அசைந்து அசைந்து எரிகிற அகல் விளக்கு ஒன்றை சென்டர் அம்மாள் வைத்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகை வாழ்த்து என்று தமிழில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதில் பிழை இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

மகனுடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது. அவன் பார்த்தது அம்மாவின் படம், கீழே எரிகிற விளக்கு, அதற்குக் கீழே குப்பையாகச் சில குறிகள். அது அடைமழைக் காலம். கேபிளில் தண்ணீர் இறங்கி எங்கள் தொலைபேசி செத்துக் கிடந்தது. அங்கிருந்து கூப்பிட்டவனுக்கு மட்டும் மணி போய்க்கொண்டே இருந்ததாம்.

ஒரு காலையில் வாசலில் வந்து நின்றான். அவள் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, என்ன இப்பிடி இளைச்சுப் போயிட்ட? உள்ள வா. ஷூவைக் கழட்டு."

அவன் கழற்றவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் எழுந்து போய் முதுகைத் தடவினாள்.

"வாசல்ல நாற்காலி போடாம இருந்துச்சும்மா. எல்லாம் முடிஞ்சு எடுத்துட்டாங்கன்னு நெனைச்சேன்."

விஷயம் விளங்கச் செத்த நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "உங்க ரூல்ஸ் அம்புட்டுக்கும் ஒரு வெளக்கு போதுமா இருந்திருக்கு. அந்த சென்டர் பிள்ளைக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாள் செலவாகிவிட்டது. ராஜபாளையம் போய்ச் சத்தம் போட்டேன். "சார், எல்லாரு பக்கத்துலயும்தான் வெச்சேன். ஜவுளிக்கடைக்கும் வெச்சேன்," என்றார் சென்டர் அம்மாள், கண் கலங்கி. ஜவுளிக்கடைக்காகப் பறந்து வர யாருமில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் இருந்தான். எங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு திருவண்ணாமலை உண்டு, குன்றின்மேல் பெருமாள் கோயில்; அங்கே ஆட்டோவில் அம்மாவைக் கூட்டிப் போனான். படியேற முடியாது. அடிவாரத்தில் உட்கார்ந்து, ஏறிப் போகிறவர்களைப் பற்றி இரண்டு பேரும் புறணி பேசிவிட்டு வந்தார்களாம். திரும்பிப் போன அன்றே அடுத்த தாளுக்கு எழுதிப் போட்டான்.

மாசியில், ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

தொலைபேசி அப்போது நன்றாக வேலை செய்தது. அங்கே விடியவில்லை. சொன்னேன்.

"டாக்டர் பார்த்தாராப்பா?"

"பார்த்திட்டாரு."

"நிசந்தானா?"

"நிசந்தான்."

பிறகு, "தாள் இன்னும் வரலப்பா. பரவால்ல, வாரேன்," என்றான். வந்தால் திரும்பிப் போக முடியாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வேண்டாம்," என்றேன். "நீ பார்த்திட்ட. நெருப்பு நான் வைக்கேன்."

அவன் மறுக்கவில்லை. ரிசீவரை அம்மா பக்கத்தில் வைக்கச் சொன்னான். அவளைக் கூடத்தின் மறுகோடியில் கிடத்தியிருந்தார்கள். வயர் பாதிக் கூடத்துக்குத்தான் எட்டியது. உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டி, ரிசீவரை அவள் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன்.