தங்கைக்கு பேட் கொடுத்த கோடை

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் என் வயிற்றெரிச்சல் முழுவதும் தங்கையின் வலது கை மேல்தான் இருந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். டவுன்ஷிப்பில் நடந்த ஷட்டில் பயிற்சி முகாமில் எங்கள் இருவரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பாவிடம் நல்ல ஷட்டில் ராக்கெட் ஒன்று இருந்தது. பீரோ மேல் உறை போட்டு வைத்திருப்பார், தொட விடமாட்டார். முகாம் முடிவில் உள்ளரங்கப் பயிற்சிக் குழுவுக்கு யார் தேர்வாகிறார்களோ அவர்களுக்குத்தான் அது என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

காரணம், எங்கள் பிளாக்கில் நான்தான் பெரிய பேட்ஸ்மேன். அங்கே கிரிக்கெட்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. எந்நேரமும் ஏதாவதொரு குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். பந்து அந்த வீட்டு மேல் விழுந்தால் அவுட், திட்டு தனி. அதனால் மணிக்கட்டை இறுக்கி, பந்தைத் தரையோடு தரையாக உருட்டி அடிப்பதில் நான் தேறியிருந்தேன். தங்கைக்கு பேட்டைக் காட்டவே மாட்டோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேலியோரம் நின்று, வருகிற பந்தைப் பொறுக்கி எறிவதுதான் அவள் வேலை.

முகாமில் கதை தலைகீழானது. நான் அடித்த ஷட்டில் எல்லாம் வலையில் போய் விழுந்தது. அவள் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஓங்கினாள் என்றால் எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டில் போய் விழும்.

“நீ கிரிக்கெட் ஆடுறவனாடா?” என்று கோச் என்னைக் கேட்டார். பெருமையாகத் தலையாட்டினேன்.

“அதான் கை கட்டையாட்டம் நிக்குது. தங்கச்சியப் பாரு, எறியுற கை அது. ஓங்கி எறியுறதும் ஷட்டில ஓங்கி அடிக்கிறதும் ஒரே வீச்சுதான்.”

எல்லோர் எதிரிலும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பேட்டை அவளிடம் நீட்டினேன். அவள் நம்பவில்லை. “நெஜமாவாண்ணா?” என்று இரண்டு தடவை கேட்டாள். மணிக்கட்டை அசைக்கக் கூடாது, பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது என்று எனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் மனமாரக் கற்றுக்கொடுத்தேன். எந்த வாத்தியாரும் மாணவியை அவ்வளவு அக்கறையாகக் கெடுத்திருக்க மாட்டார். பிறகு நான் போய் வேலியோரம் நின்று, பந்தைத் துரத்தித் துரத்தித் தோள் வலிக்க எறிந்தேன்.

“என்னாடா இது அதிசயம், தங்கச்சிக்கு வுட்டுக் குடுத்துகினு நிக்கிற!” என்று அம்மா பூரித்துப்போய், பண்ருட்டிப் பலாவில் பெரிய சுளையாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். வெட்கமில்லாமல் தின்றேன்.

முகாம் முடிவதற்குள் வேலை பலித்துவிட்டது. அவள் ஷட்டில் வலையில் முட்டத் தொடங்கியது. “ஒனக்கு என்னம்மா ஆச்சு?” என்று கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். என் தோளோ மெல்ல மெல்லத் திறந்து, நான் அடித்தது வலையைத் தாண்டிப் போனது. தேர்வு நாளில் என்னை எடுத்தார்கள், அவளை எடுக்கவில்லை. முதலில் கைதட்டியவள் அவள்தான்.

அப்பா உறையைத் துடைத்து ராக்கெட்டை என் கையில் கொடுத்தார். அடுத்த நாள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்கட்டும் என்று சைக்கிளில் பயிற்சிக்குக் கிளம்பினேன். பிளாக்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தங்கை பேட் பிடித்து நிற்க, பையன்கள் அவளை அவுட்டாக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. தோற்றவள் மாதிரியே இல்லை.

“அண்ணா, ரெண்டு பால் போட்டுட்டுப் போயேன்!” என்று கூப்பிட்டாள்.

“நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு மிதித்தேன். அவள் அடித்த பந்துக்குப் பையன்கள் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. ஆசைப்பட்ட ராக்கெட் என்னிடம்தான் இருந்தது. அப்புறமும் ஏன் வயிறு எரிகிறது என்று எனக்குப் புரியவில்லை. ராக்கெட்டில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.