கரி தடவிய பிடி

பாலிஷ் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். பேருந்துப் பட்டறையில் தகடு வேலை பார்த்த காலத்தில், யார் கண்ணிலும் படாத அடித்தகட்டைக்கூட முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்துவைத்ததால் வந்த பெயர். பட்டறையை மூடியதும் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சிறு உலையும் சாணைச் சக்கரமும் வைத்து, சமையல் கத்தி செய்ய ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டி எடுத்த தொழில்.

பாத்திரக் கடைக்காரர் ஒருவர் கடையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருந்தது. கத்திகளை விற்பனைக்கு வைக்க அது கிடைக்காவிட்டால் பாலிஷ் மறுபடியும் இன்னொருவர் பட்டறையில் தினக்கூலிக்குத்தான் நிற்க வேண்டும். தன் கத்திகளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா முனை ஒருத்தரோடது, பிடி இன்னொருத்தரோடது. இரவல் நகை போட்டுக்கிட்டு பொண்ணு வந்த மாதிரி இருக்கு. உங்களோடது எங்க?"

உண்மைதான். எல்லாம் மற்றவர்கள் செய்த கத்திகளின் படத்தைப் பார்த்துச் செய்தவை. அந்தத் தட்டு நிரம்பும் முன் இன்னொரு தடவை காட்டலாம் என்று தவணை வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப்பின் தனக்கென்று ஒரு பாணியைத் தேடி ஆள் அலைந்துபோனார். அலகில் அலை அலையாகக் கோடு போட்டார். பிடியில் இரண்டு நிற மரம் ஒட்டினார். சூரியன் மாதிரி ஒரு முத்திரை வெட்டினார். அலுவலகக் கேன்டீனில் சமைக்கும் அண்ணி, அந்தச் சூரியனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சீவிச் சிங்காரிச்சுவிட்டா வெங்காயம் தானா வெட்டிக்குமா தம்பி?"

அவள் கையில் இருந்ததோ அவர் தூக்கிப்போட்ட முதல் கத்தி. உலையில் சூடு மிஞ்சி, எண்ணெயில் இறக்கியதும் பிடியை ஒட்டிய அலகின் மூலையில் விரிசல் விழுந்துவிட்டது. விரிசலை வளைவாகச் சாணையில் தேய்த்து எடுத்தார். கெட்டுப்போன கத்திக்கு எதற்கு என்று பிடியை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கவில்லை. அதைத்தான் அண்ணி தினமும் பிடித்தாள். அவர் கொடுத்த பளபளப்பான கத்தி டப்பாவிலேயே கிடந்தது.

அந்தக் கெட்டுப்போன கத்தியை ஒருநாள் இரவல் கேட்டார்.

"கேக்குற நேரமா இது? இது இல்லாம எனக்குக் கை ஓடாது. இன்னொண்ணு கையில எண்ணெய் பட்டா வழுக்கிட்டு ஓடுது."

கேன்டீன் மேடை ஓரமாக நின்று கவனித்தார். விரிசல் இருந்த வளைவில் அவள் ஆள்காட்டி விரல் போய் உட்கார்ந்திருந்தது. மறுநாள் பருமனான ஒரு புதுப் பிடி முழுக்கக் கரி பூசி, அவளை வெட்டச் சொன்னார். அவள் கையெல்லாம் கறுப்பானது, திட்டிக்கொண்டே வெட்டினாள். கை பட்டுக் கரி அழிந்த இடத்தை அப்படியே விட்டு, கை படாமல் கரி நின்ற இடத்தில் அரத்தால் மரத்தை எடுத்தார். விரல் உட்கார அலகின் மூலையில் அந்த வளைவையும் வைத்தார். பாலிஷ் போடவில்லை. அதே அளவில் இன்னும் சில செய்தார்.

கடைக்காரர் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். இந்த முறை கீழே வைக்கவில்லை. ஆனால் முகம் சுளித்தார்.

"இது யாரோ ஒருத்தர் கைக்குச் செஞ்சது. என் விரல் உள்ள போகலையே."

"அண்ணி கைக்கு."

"அப்ப அவங்களுக்கே வித்துக்குங்க."

பாலிஷ் பையை அவிழ்த்தார். இன்னும் அரம் போடாத பருமனான பிடியோடு ஒரு கத்தி அதில் இருந்தது. கரி டப்பாவைத் திறந்து பூசினார். அந்தக் கத்தியால் கடையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கிழிக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கொடுத்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அரத்தைப் போட்டார். தூள் பறந்தது, வாடிக்கையாளர்கள் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியை நீட்டினார்.

கடைக்காரர் இன்னொரு பெட்டியைக் கிழித்தார். தேவையில்லாத மூன்றாவது பெட்டியையும் கிழித்தார்.

"பிடியை முடிக்காமயே வைங்க," என்றார். "வாங்குறவங்க கையைப் பாத்து முடிச்சுக் குடுங்க. ஆனா படியில வேண்டாம், பின்னால உக்காருங்க."

அலமாரித் தட்டு கிடைத்தது. சூரிய முத்திரை கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அந்தக் கத்தி வாங்கியவர்கள் உள்ளங்கை கறுத்துத்தான் கடையை விட்டு வெளியே வருகிறார்கள். கடைக்காரர் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சோப்பும் வைத்திருக்கிறார்.