நண்டின் வயிற்றில் வெட்டிய பெயர்

சாரல் காலத்தில் தென்காசிக் காற்று வீட்டுக்குள் ஒரு காகிதத்தையும் இருக்க விடாது. என் வீட்டுக்காரர் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா. கட்டுக்கட்டாக வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவார். பறக்காமல் மேலே வைக்க என் அண்ணன் ஒரு பித்தளை நண்டு கொடுத்திருந்தான். பினாங்கில் கடை வைத்திருந்தவன், அங்கே ஒரு ஜப்பான்காரனிடம் வாங்கி, கடைசியாக ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. உள்ளங்கை அளவுதான், ஆனால் நல்ல கனம். ஒவ்வொரு காலையும் தனியாகச் செய்து கோத்திருந்தார்கள், மடக்கலாம், நீட்டலாம். கொடுக்கின் இடுக்கில்கூட அரம் போட்ட தடம் தெரியும். செய்தவன் அதன் வயிற்றில் உளியால் தன் எழுத்தில் பேர் வெட்டியிருந்தான்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தான். அண்ணனிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது.

இவருக்கோ வேறு கவலை. "மேலதிகாரி குற்றாலம் பங்களாவில வந்து இறங்கியிருக்காரு. எந்நேரமும் இங்கன வரலாம். சர்க்கார் குமாஸ்தா மேசையில ஜப்பான் எழுத்தா? வேலைக்கே உலை வச்சிரும்ட்டி. சித்தாத்துல போட்டுட்டு வா."

"உங்களை வேணா போட்டுட்டு வாரேன்" என்றேன்.

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் எனக்கும் பயம். அண்ணன் கை பட்டது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அவனை வரவிடாமல் அங்கே அடைத்து வைத்திருப்பவனும் ஜப்பான்காரன், இத்தனை அழகாக நண்டு செய்தவனும் ஜப்பான்காரன். நான் யாரைத் திட்ட?

மறுநாள் குடத்தைத் தேய்க்கும்போது யோசனை வந்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் எல்லாம் கொடுத்தவர் பேர் வெட்டியிருக்கிறதே! அந்த எழுத்தை அராவி எடுத்துவிட்டு அண்ணன் பேரை வெட்டிவிட்டால் அது தென்காசி நண்டாகிவிடாதா? இவரும், "சரி, தொலையட்டும்" என்றார்.

ரத வீதியில் பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார். நண்டைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன எழுத்து தாயி?" என்றார். "வடக்கத்தி எழுத்து" என்று கூசாமல் புளுகினேன். அரத்தால் தேய்த்தார். முகம் தெரியாத ஒருவன் பேர் பொடியாக உதிர்ந்தது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அண்ணன் பேரைச் சொன்னேன். உளியை வைத்தவர் நிமிர்ந்து கேட்டார்:

"பேருக்குக் கீழே அன்பளிப்பா, ஞாபகார்த்தமா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். உயிரோடு இருப்பவர் கொடுத்தால் அன்பளிப்பு, போனவர் பேரில் என்றால் ஞாபகார்த்தம்.

"சொல்லுங்க தாயி. வெட்டிட்டா மறுபடி அராவித்தான் மாத்தணும்."

"உசுரோட இருக்கவனுக்கு எதுக்கு அண்ணாச்சி ஞாபகார்த்தம்?" என்று நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"கோவப்படாதிய" என்று உளிக்காரர் அன்பளிப்பு என்றே வெட்டினார்.

சாயங்காலம் இவர் கச்சேரியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். வெகுநேரம் வாசித்தார்.

"என்ன, எழுத்து சரியா விழலியா?" என்றேன்.

"இல்லட்டி. மத்த சொல்லைப் போட்டுக்கிட்டு வந்துருவியோன்னு நாள் முழுக்க வேலையே ஓடல." நண்டைக் காகிதக் கட்டின் மேல் வைத்தார். "மச்சான் வந்துருவாவ."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா வாயிலேருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.

சண்டை முடிந்து கப்பல்கள் வந்தன. பினாங்கிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள். அண்ணன் வரவில்லை. அதே உளிக்காரர் அதே வாசலில்தான் இருந்தார். நாங்கள் இருவருமே அந்த நண்டை அவரிடம் மறுபடி கொண்டுபோகவில்லை.