பக்கத்து வீட்டு அக்கா செய்த கேக்

அறுபதுகளில் ஒரு கல்லூரி விடுமுறை. பக்கத்து ஊரான வடக்குத்தில் தீயில் குடிசை இழந்தவர்களுக்காக, மாணவர்கள் ஆறு பேர் நெய்வேலி குவார்ட்டர்ஸில் கேக் செய்து விற்றோம். மாலையில் பதினொரு துண்டுகள் மிஞ்சிக் கிடந்தன.

பக்கத்து வீட்டு அக்கா வந்தார். திருநெல்வேலிக்காரர், சுத்த சைவம்.

“முட்டை போட்டிருக்கியளா தம்பி?”

“இல்லக்கா,” என்றேன். ஒன்பது முட்டைகளையும் உடைத்து ஊற்றியவன் நான்தான்.

நான்கு துண்டு வாங்கினார். அங்கேயே ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, “பஞ்சு மாதிரில்லா இருக்கு! எப்படிச் செஞ்சிய?” என்றார். முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன்.

மறுநாள் அவர் செய்த கேக் அடைபோல அமுங்கிப் போனது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது முறை, வெண்ணெயைப் பாழாக்கியதற்காக அவர் கணவர் ஏசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

அன்று மாலை ஒரு துண்டை என்னிடம் நீட்டி, “எங் கைதான் சரியில்ல போலுக்கு” என்றார்.

“நல்லாத்தான் இருக்குக்கா” என்று மென்று விழுங்கினேன். அவர் கையில் குற்றமில்லை என்று சொல்ல வேண்டுமானால், எங்களிடம் வாங்கி அவர் சாப்பிட்டது என்னவென்றும் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு அவர் கேக் செய்யவே இல்லை.