புகைக்கு ஈடாக வெட்டிய குழிகள்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் எங்கள் திணைக்களத்துக்குப் புதுக் கவலை ஒன்று வந்து சேர்ந்தது: காபன். அரசாங்க அலுவலகங்கள் மின்சாரத்தையும் டீசலையும் குறைக்க வேண்டும், குறைக்க முடியாத புகைக்கு ஈடாக மரம் நட வேண்டும் என்று சுற்றுநிருபம். நாடே பற்றி எரிகிறது, இவர்கள் ஜெனரேட்டர் புகையை அளக்கிறார்களாம் என்று எனக்குச் சிரிப்பு. பணிப்பாளர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் கிளையில் ஒரே தமிழச்சி நான். எத்தனையோ பேர் இருக்க ஏன் என்னிடம்?

வெள்ளவத்தை வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டில் கை வைத்தபடி நிமிர்ந்தார்.

"உமக்கேன் இந்த வேலை? ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, ஏன் ஏலாது எண்டு கேப்பினம்."

"ஒவ்வொரு அறையாப் போய் லைற், ஏசி நிப்பாட்டிக் கிடக்கோ எண்டு பாத்தா, உளவு பாக்கிறா எண்டு சொல்ல எவ்வளவு நேரம்? பிறகு நான் எந்தப் பொலிசிலை போய் நிக்கிறது?"

அவர் சொன்னது நியாயம். தனியாக ஓர் அறைக்குள்ளும் நுழைவதில்லை என்று முடிவெடுத்தேன். பக்கத்து மேசைச் சிங்களச் சிநேகிதியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். பல வருடமாக மதியச் சாப்பாட்டைப் பங்கிட்டு உண்பவள். சுவிச்சில் கை வைப்பது எப்போதும் அவள்தான்; நான் வாசலில் நிற்பேன்.

மரத்தில்தான் வினை வந்தது. வளவில் மண் தெரிகிற ஒரே இடம் ஜெனரேட்டர் ஓரம். வெள்ளிக்கிழமை அங்கே தொழிலாளியைக் கொண்டு குழிகள் வெட்டுவித்தேன். அன்றே நட்டுவிடலாம் என்றேன். பணிப்பாளர் சோதிடரைக் கேட்டுவிட்டு, திங்கள் காலைதான் சுபநேரம் என்றார். ஜெனரேட்டர் பக்கத்தில் வெறுங்குழிகள், வெட்டச் சொன்னது ஒரு தமிழச்சி. குண்டு புதைக்கத்தான் என்று யாரும் சொல்லலாம்; சனி, ஞாயிறு எனக்கு அதே நினைப்பு.

திங்கள் காலை வாசலில் பொலிஸ் ஜீப். மோப்ப நாயொன்று குழிகளை முகர்ந்துகொண்டிருந்தது. அதிகாரி என்னைப் பணிப்பாளர் அறைக்குக் கூப்பிட்டு, அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தை உரக்க வாசித்தார். யாழ்ப்பாணம். யாரோ தொலைபேசியில் தகவல் கொடுத்திருந்தார்களாம்.

"ஆர் வெட்டச் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பணிப்பாளர் வாய் திறக்காவிட்டால் நான் அன்று வீடு போய்ச் சேர மாட்டேன். அவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பழியைப் போட ஒரு ஆள் வேண்டுமென்றுதான் இந்த வேலையை என்னிடம் தந்தாரோ?

"நான்தான்" என்றார், ஒருவழியாக.

அதிகாரி அட்டையைத் திருப்பித் தந்தார். தொலைபேசி விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று எங்கள் இருவரையும் எச்சரித்துவிட்டுப் போனார். சுபநேரம் தவறாமல் கன்றுகளை நட்டார்கள். நானும் கைதட்டினேன்.

மதியம் சிநேகிதி தன் பொலோஸ் கறியில், அந்தப் பலாப்பிஞ்சுக் கறியில், பாதியை வழக்கம்போல என் பக்கம் தள்ளினாள். தலையை நிமிர்த்தாமல் மெதுவாகச் சொன்னாள்: "பொலிசுக்குப் போன் எடுத்தது நான் இல்லை, அக்கே."

நான் அவளிடம் கேட்கவே இல்லை. போன் வந்ததென்று ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. ஆனாலும் அந்தக் கறியைச் சாப்பிட்டு முடித்தேன். பின்னேரம் அறைகளைப் பார்க்க அவளோடுதான் போக வேண்டும்.