மடக்குக்கத்தி சாருக்கு அடுத்த கத்தி

பாத்திரம் விற்கிறவளுக்கும் வளையல் விற்கிறவளுக்கும் சரக்கு கை மாறியதோடு கவலை தீர்ந்துவிடும். கத்தி விற்கிறவளுக்கு விற்ற பிறகுதான் கவலையே ஆரம்பமாகும். தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை. முன்னால் நான் உட்கார்ந்து அரிவாள்மனை, பாக்குவெட்டி, கத்தரிக்கோல், மடக்குக்கத்தி விற்பேன். பின்னால் என் வீட்டுக்காரர் சாணை பிடிப்பார். வாங்கிப் போனவர் வீட்டில் என்ன நடக்கிறதோ என்று நினைத்தே எழுபதுகளில் பாதித் தூக்கத்தைத் தொலைத்தவள் நான். கடை வைத்திருக்கிற உங்களில் சிலருக்காவது இந்த வியாதி இருக்கும்.

எங்கள் கடையில் கத்தியை யார் கையிலும் நேராகக் கொடுக்க மாட்டோம். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் பகை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கல்லாவுக்கு முன்னால் ஒரு பலகை கிடக்கும். அதில் வைப்பேன், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

காதால் பார்க்கிறவர்

சோமு சார் ஒரு சர்க்கார் ஆபீசில் ஹெட்கிளார்க். சம்பளம் வாங்கிய வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வருவார். மடக்குக்கத்தி மட்டும்தான் பார்ப்பார். இருக்கிறதையெல்லாம் பலகையில் பரப்பச் சொல்லி, மீன் வடிவத்துப் பித்தளைப் பிடி, மரப்பிடி, கொம்புப் பிடி என்று தனித்தனியாக எடுப்பார். நகத்தால் அலகைத் திறந்து, காதோரம் கொண்டுபோய் மூடுவார். மறுபடி திறப்பார், மூடுவார். “இந்தக் குரல் வீட்ல ஒண்ணு இருக்கு” என்று தள்ளி வைப்பார். கடைசியில் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும்.

ஒருநாள் பொறுக்காமல், “இம்புட்டுக் கத்தியை வச்சு என்ன சார் வெட்டுவீங்க?” என்று கேட்டுவிட்டேன். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “வெட்டுறதுக்கு வீட்ல அரிவாள்மனை இருக்கும்மா. இது மூடிப் பார்க்கிறதுக்கு.”

திருவிழாக் காலத்து விசாரணை

சித்திரைத் திருவிழா நெருங்கிய சமயம் ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். “யாராச்சும் ஒரே ஆளு நிறையக் கத்தி வாங்குறானாம்மா?” என்று கேட்டார். அந்த ஒரே ஆள் அவருக்குப் பக்கத்திலேயே, இரண்டு கையிலும் கத்தியோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் ஒரு நல்ல மனுஷனை ஸ்டேஷனுக்கு அனுப்பிய பாவம்.

நான் முழிப்பதைப் பார்த்துப் போலீஸ்காரர் திரும்பினார். சார் கண்ணைத் திறந்து, “நல்ல நேரத்துல வந்தீங்க. எது நல்லாருக்குன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க” என்று ஒவ்வொன்றாக மூடிக் காட்ட ஆரம்பித்தார். பாவம், அந்த வெயிலில் அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். போகும்போது என் பக்கம் குனிந்து சொன்னார்: “ஆளைக் குத்துறவன் இம்புட்டு நேரம் பார்த்து எடுக்க மாட்டான்மா.”

பிள்ளை பெற்ற வீட்டுக்கு

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மருமகளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. காத்து கருப்பு அண்டாமல் தலைமாட்டில் இரும்பு வைக்க வேண்டும். வீட்டில் மூத்த பேரன் துறுதுறுப்பானவன். அதனால் அரிவாள் வேண்டாம், மடங்குகிற கத்தியே போதும் என்றார். ஆனால் மடக்கி வைத்த கத்திக்குக் காத்து கருப்பு பயப்படுமா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சோமு சார், “உள்ள இரும்பு இருக்குன்னு அதுக்குத் தெரியாமயா போகும்?” என்றார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அதுக்குத் தெரியும்னு இவருக்கு எப்படித் தெரியும்? இவரு ஆபீஸ்லயா வேலை பார்க்குது?”

பாயில் பரப்பிய கத்திகள்

ஒரு புதன்கிழமை சாரின் மனைவி பார்வதி வந்தார். அதற்கு முன் கடைக்கு வந்ததே இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் கோமதியைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வந்திருந்தார்கள். நல்ல இடம்; பையனும் நல்ல பையன். பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆனது. பெண்ணை அழைக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா சும்மா இருக்காமல், “ஆபீஸ் விட்டா சாருக்குப் பொழுது எப்படிப் போகும்?” என்று கேட்டிருக்கிறார். சார் எழுந்து போய்க் கத்திகளைப் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த பாயில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டார்.

அதோடு விட்டாரா? ஒன்றைத் திறந்து மாப்பிள்ளையின் அப்பா கையிலேயே கொடுத்தார். அவரும் வாங்கிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோமதி வந்தாள், வணங்கினாள், போனாள். “சொல்லி அனுப்புறோம்” என்று கிளம்பியவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. சரியா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பெண் தபால்காரர் மணி அடித்தாலே வாசலுக்கு ஓடுகிறாளாம். “அடுத்த கத்தி கேட்டு வந்தா இல்லைன்னு சொல்லிருங்கக்கா” என்று பார்வதி கேட்டுக்கொண்டார். எங்கள் கடை வழக்கத்தைச் சொன்னதும் பலகையைத் தொட்டுப் பார்த்தார். “வருஷக்கணக்கா இதுலதானே வச்சுக் குடுக்குறீங்க. இந்த மனுஷனுக்கு இது கண்ணுலயே படலையா?”

இல்லை என்று சொன்ன சாயங்காலம்

அந்த வாரம்தான் புதுச் சரக்கு வந்திருந்தது. மடக்குக்கத்திகளை மட்டும் எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். மேலூர் அம்மா பிள்ளையைக் காப்பாற்ற இரும்பு வாங்கிப் போனார். சார் வீட்டில் அதே இரும்பு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறது என்கிறார்கள். இரண்டும் எங்கள் கடைச் சரக்குதான். எதை நம்புவது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சார் வந்தார். “புதுசு ஒண்ணும் வரலை சார்” என்றேன். அவர் டிராயரையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். “பார்வதி வந்துட்டுப் போனாளாக்கும்” என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்த நாளுக்குப் பிறகு டப்பாவை அவர் திறக்கவில்லையாம். பலகையில் வைக்காமல் கையில் கொடுத்த பேச்சை நான் மெதுவாக எடுத்தேன். சார் கையை விரித்தார். “அவரு ஆசையாக் கை நீட்டுனாரும்மா. நீட்டுன கையைப் பார்த்துட்டு நான் எங்க போய்ப் பலகை தேடுவேன்?”

திருமங்கலத்துக்காரர்

அடுத்த வாரம் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து மடக்குக்கத்தி கேட்டார். டிராயரைத் திறந்து பலகையில் வைத்தேன். முதல் கத்தியை எடுத்தவர் காதோரம் கொண்டுபோய் மூடினார். “எங்கண்ணே பழகுனீங்க இதை?” என்றேன். “பையனுக்குப் பொண்ணு பார்க்க ஒரு ஹெட்கிளார்க் வீட்டுக்குப் போனோம் தாயி. அங்க பழகுனது” என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ஏன் இன்னும் சேதி சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “பொண்ணை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. கத்தியைக் கையில வாங்கிட்டீங்களே, நாளைக்குச் சம்பந்திக்குள்ள பகைதான்னு என் வீட்டுக்காரி ஒரே பிடியா நிக்கிறா” என்றார். பின்னால் சாணைச் சத்தம் நின்றது. வியாபாரத்தில் வாயே திறக்காத என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “அதுக்குப் பரிகாரம் இருக்குண்ணே. கையில வாங்குனவரு ஒரு கத்தியைப் பலகையில வச்சு, குடுத்தவரை எடுத்துக்கச் சொல்லணும். உங்க வீட்டுப் பொம்பளைங்க கண்ணால பார்க்கணும். அம்புட்டுத்தான்.”

பெரியவர் யோசித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. “அப்ப அந்த வீட்டுக்கு மறுபடி போகணும். போகலாமே, அந்த டப்பாவுல பாதிதான் பார்த்தேன்” என்றார். சார் வீட்டில் இல்லாததாக ஒன்றை என்னையே எடுத்துத் தரச் சொன்னார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எந்தப் பரீட்சைக்கும் அவ்வளவு யோசித்ததில்லை. ஒவ்வொன்றாகக் காதில் வைத்து மூடினேன். கொம்புப் பிடி ஒன்று, கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறவர்கள் சாத்துவதுபோலத் தணிந்து மூடியது. அதைப் பலகையில் வைத்தேன். அவர் போன பிறகு, “ஏங்க, இப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லையே, நிஜமா இருக்கா?” என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சாணைக்குத் திரும்பிப் போய்க்கொண்டே சொன்னார்: “இனிமே இருக்கும்.”

வெற்றிலைத் தட்டு

பரிகாரம் முடிந்து கல்யாணமும் நிச்சயமாகி, பார்வதி பத்திரிகை வைக்க வந்தார். தட்டைப் பலகையில் வைத்து, “எடுத்துக்கங்கக்கா” என்றார். தட்டில் கத்தி இல்லையே என்றேன். இருக்கட்டும், எதற்கும் இருக்கட்டும் என்றார். கோமதி நிம்மதியாகச் சாப்பிடுகிறாள் என்று கேட்டு எனக்கும் அன்று சோறு இறங்கியது. அதற்குள் சனிக்கிழமைதோறும் சாரோடு திருமங்கலத்துச் சம்பந்தியும் வர ஆரம்பித்திருந்தார். இருவரும் ஒரே கத்தியை மாறி மாறிக் காதில் வைத்துப் பார்த்து, ஒருவர் நல்ல குரல் என்றால் மற்றவர் கரகரப்பு என்பார். கடை அடைக்கிற வரை முடிவு வராது. தட்டை நான் எடுத்துக்கொண்டதும் பார்வதி சிரிக்காமல் சொன்னார்: “ஒருத்தரை நிறுத்தச் சொன்னேன்க்கா, ஜோடி சேர்த்து விட்டுட்டீங்க.”

வாங்கிப் போகிறவர்கள் கத்தியை வைத்து என்னவெல்லாம் செய்துகொள்வார்களோ என்று இத்தனை காலம் பயந்த எனக்கு, சம்பந்தம் செய்துகொள்வார்கள் என்று மட்டும் ஒருநாளும் பயப்படத் தோன்றவில்லை.